கழுவிய எழுத்துகள்: சுவோன் அரண்மனையில் பெண்களைத் தேடி

அழிந்துபோன அரண்மனையைத் திரும்பக் கட்டுகிறவர்கள் முதலில் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓர் அரண்மனை பல தலைமுறைகளாகக் கட்டப்பட்டும் இடிக்கப்பட்டும் மாற்றப்பட்டும் வந்திருக்கும். அதில் எந்தக் காலத்து உருவத்தை மீட்பது என்று யாரோ முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் பொறியியலை விட வாசிப்பே அதிகம். எல்லா வாசிப்புகளையும் போல அதற்கும் ஒரு சார்பு உண்டு. தென் கொரியாவில், சியோலுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சுவோன் நகரத்தின் ஹ்வாசொங் ஹேங்குங் அரண்மனையை அப்படியொரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஹேங்குங் என்றால் அரசர் பயணத்தின்போது தங்கும் அரண்மனை. ஜோசொன் அரசமரபின் 22ஆவது மன்னர் ஜொங்ஜோ (ஆட்சிக்காலம் 1776-1800) தன் தந்தையின் கல்லறையை 1789இல் இந்தப் பகுதிக்கு மாற்றினார். கல்லறைக்கு வரும்போது தங்க இந்த அரண்மனை எழுந்தது. 1794 முதல் 1796 வரை, இதைச் சுற்றியிருந்த நகரத்துக்கு ஹ்வாசொங் கோட்டையும் கட்டப்பட்டது. யுனெஸ்கோ 1997இல் அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1910இல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு அரண்மனையின் கட்டடங்கள் மருத்துவமனையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆகிப் படிப்படியாக இடிபட்டன. நாங்நம்ஹொன் போன்ற மிகச் சிலவே எஞ்சின. 1980களின் இறுதியில் ஊர்மக்கள் அரண்மனையை மீட்க இயக்கம் தொடங்கினார்கள். 1996இல் தொடங்கிய மீட்டுருவாக்கத்தின் முதற்கட்டம் முடிந்து 2003இல் அரண்மனை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடம் இருந்த பகுதியில் விருந்தினர் மாளிகையையும் மீட்டு 2024இல் திறந்தார்கள். 

இவ்வளவு துல்லியமாக மீட்க முடிந்ததற்குக் காரணம், ஜோசொன் அரசு எழுதி வைத்த ‘உய்க்வே’ எனும் ஆவண நூல்கள். அரசின் ஒவ்வொரு பெருவிழாவுக்கும் பெருங்கட்டுமானத்துக்கும் ஆன பொருள், ஆள், கூலி, முறை அத்தனையையும் படங்களோடு பதிவு செய்யும் நூல்கள் அவை. கோட்டையும் அரண்மனையும் கட்டப்பட்ட விவரத்துக்கு ஓர் உய்க்வே இருக்கிறது. 1795இல் ஜொங்ஜோ தன் தாயை அழைத்துக்கொண்டு சுவோனுக்கு வந்து போன எட்டு நாள் பயணத்துக்கும் ஓர் உய்க்வே இருக்கிறது.

அந்த 1795தான் இன்றைய ஹேங்குங்கின் ஆண்டு. அந்த ஆண்டின் நாயகி ஒரு பெண் என்பதால் நாம் மகிழ்ந்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

விருந்து யாருக்கு?

ஜொங்ஜோவின் தாயை வரலாறு ஹேக்யோங் சீமாட்டி (1735-1816) என்று அழைக்கிறது. ஹேக்யோங் என்பது பட்டம். ஹோங் என்பது பிறந்த குலத்தின் பெயர். பெற்றோர் வைத்த பெயர் நமக்கு வந்து சேரவில்லை. கொரிய வயதுக் கணக்கில் பத்து வயதில், 1744இல், பட்டத்து இளவரசர் சாதோவுக்கு மணமுடிக்கப்பட்டார். 1762இல் சாதோவின் தந்தையான மன்னர் யொங்ஜோ, தன் மகனை அரிசி கொட்டி வைக்கும் மரப்பெட்டிக்குள் அடைத்துவைக்க ஆணையிட்டார். கடும் கோடையில் எட்டு நாள் அந்தப் பெட்டிக்குள் கிடந்து சாதோ இறந்தார். அப்போது ஹேக்யோங்குக்கு 26 வயது. மகன் ஜொங்ஜோ சிறுவன்.

1795இல் ஹேக்யோங் அறுபது ஆண்டுச் சுழற்சியை நிறைவு செய்தார். அதைக் கொண்டாடத்தான் சுவோன் பயணம். பொங்சுதாங் மண்டபத்தில் மகன் தாய்க்கு விருந்தளித்தார். நீண்ட ஆயுள் வேண்டி வணங்கும் மண்டபம் என்பது பொங்சுதாங் என்ற பெயரின் பொருள். தாயின் முன் வைக்கப்பட்ட உணவு 70 கலங்களில் இருந்தது. மறுநாள் சின்பூங்னு வாயிலில் ஏழைகளுக்கு அரிசி வழங்கப்பட்டது; நாங்நம்ஹொன்னில் ஊர் முதியவர்களுக்கு விருந்து நடந்தது. இன்று சுவோன் நகரம் இந்தக் கதையைத் தாயன்பின், பெற்றோர் பக்தியின் கதையாகச் சொல்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் விழாவில் அந்த ஊர்வலத்தை நடித்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் நாள்களை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. ஹேக்யோங்கின் பிறந்த நாள் சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதத்தில் வருகிறது. சுவோன் விருந்து நடந்ததோ இரண்டாம் மாதத்தை ஒட்டி வந்த அதிக மாதத்தில். சாதோவும் 1735இல் பிறந்தவர்தான். அவரது பிறந்த நாள் முதல் மாதத்தில். உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் அது அறுபது நிறைவு. விருந்துக்கு முந்தைய நாள் தாயும் மகனும் சாதோவின் கல்லறைக்குப் போனார்கள். அன்றிரவே கோட்டையில் மன்னர் முன்னிலையில் படைப்பயிற்சி நடந்தது.

குற்றவாளி போலக் கொல்லப்பட்ட தந்தைக்கு வெளிப்படையாகப் பெருவிழா எடுக்க ஜொங்ஜோவால் இயலாது. தண்டித்தவர் அவருக்கு அரியணை தந்த பாட்டனார். தாயின் பிறந்த நாள் அந்தத் தடையைக் கடக்கும் வழியாக இருந்தது. பயணத்தில் படைபலம் காட்டப்பட்டது, புதிய நகரம் காட்டப்பட்டது, தந்தையின் மானம் மீட்கப்பட்டது. மகனின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்பு வெளிப்படத் தேர்ந்துகொண்ட வடிவத்தில் தாய் ஒரு வழியாகவும் பயன்பட்டார் என்கிறேன். பெண்ணைக் கொண்டாடும் மேடையில் ஆண்களுக்கு இடையிலான கணக்குத் தீர்க்கப்படுவது எந்த மரபுக்கும் புதிதல்ல.

அவர் எழுதியது

ஹேக்யோங் எழுத்தாளர். அரண்மனைக்குள் நுழையும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் நான்கு. 1795, 1801, 1802, 1805 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்டவை. சேர்த்து ‘ஹஞ்ஜுங்னொக்’ எனப்படுகின்றன. ‘ஹஞ்ஜுங்’ என்ற ஒலியைச் சீன எழுத்தில் ஒருவிதமாக எழுதினால் ‘ஓய்வில்’ என்று பொருள். வேறுவிதமாக எழுதினால் ‘மனத்தாங்கலில்’ என்று பொருள். இரண்டு தலைப்புகளும் வழக்கில் இருக்கின்றன. அவர் எழுதியது கொரிய எழுத்தான ஹங்குலில். அரசு ஆவணங்களும் ஆண் அறிஞர்களின் நூல்களும் சீன எழுத்தில் இருந்த காலம் அது. ஹங்குலைப் ‘பொம்பளை எழுத்து’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். 1446இல் மன்னர் செஜோங் வெளியிட்ட எழுத்தை உயிரோடு காத்தவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள்.

முதல் நினைவுக்குறிப்பு ஒரு கழுவுதலைப் பற்றிய செய்தியோடு தொடங்குகிறது. சிறுமியாக அரண்மனைக்கு வந்த ஹேக்யோங் பிறந்த வீட்டுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். அரண்மனைக் கையெழுத்து வெளியில் கிடப்பது தகாது என்பது அவருடைய தந்தையின் எச்சரிக்கை. அதனால் அந்தக் கடிதங்களைச் சேர்த்து மையைக் கழுவிவிடுவது வீட்டின் வழக்கமானது. ஐம்பது ஆண்டுகள் எழுதியும் குடும்பத்தில் அவர் கையெழுத்து எஞ்சவில்லை. அதனால்தான் அண்ணன் மகன் கேட்டபோது எழுத உட்கார்ந்தார்.

இன்னொரு கழுவுதலும் உண்டு. 1776இல், ஜொங்ஜோ அரியணை ஏறுவதற்குச் சற்று முன், அவருடைய வேண்டுகோளின்படி அரச செயலக நாட்குறிப்பில் சாதோவின் கடைசி நாள்களைப் பற்றிய பகுதிகள் கழுவி அழிக்கப்பட்டன. தந்தையின் அவமானம் ஏட்டில் இருக்கக்கூடாது என்று மகன் நினைத்தார். பேரனின் வேண்டுகோளுக்குப் பாட்டனார் இணங்கினார். இப்படி ஒரு வீடு மகளின் எழுத்தைக் கழுவியது. ஓர் அரசு தன் கொலையின் தடயத்தைக் கழுவியது. இரண்டும் மரியாதையின் பெயரால் நடந்தன.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். 1795இன் நினைவுக்குறிப்பு அந்த விருந்தின் ஆண்டில் எழுதப்பட்டது. அதில் பிறந்த வீடு இருக்கிறது, திருமணம் இருக்கிறது, அரண்மனை வாழ்க்கை இருக்கிறது. 1762இன் கொடுமையைப் பற்றி, சொல்லத் தாங்காது என்கிற அளவில் ஒதுங்கிப் போகிறார். மகன் அரசராக இருக்கிறார். மகன் அழித்த ஏட்டைத் தாய் எப்படித் திரும்ப எழுதுவார்? 1800இல் ஜொங்ஜோ இறந்தார். 1801இல் கத்தோலிக்கர் மீதான ஒடுக்குமுறையின்போது ஹேக்யோங்கின் தம்பியும் கொல்லப்பட்டார். பிறந்த குலம் சரிந்தது. 1805இல், எழுபதைத் தொட்ட ஹேக்யோங், பேரனான மன்னர் சுஞ்ஜோவுக்காக எல்லாவற்றையும் எழுதினார். மகனின் மீது தந்தை கொண்ட வெறுப்பு, அச்சத்தில் வளர்ந்த இளவரசனின் மனநோய், உடை மாற்றுவதே அவனுக்குப் பெரும் நடுக்கமானது, அவன் கைகளால் நடந்த கொலைகள், கடைசியில் அந்தப் பெட்டி. 

ஆக, சுவோன் அரண்மனை மீட்கப்பட்டிருப்பது ஹேக்யோங் பேசாமல் இருந்த ஆண்டுக்கு. அவர் பேசிய ஆண்டுக்கு அந்த அரண்மனையில் அறை இல்லை.

ஹேக்யோங்கைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. தன் தந்தையும் குலமும் அந்தக் கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டை மறுக்கவே அவர் எழுதினார் என்று குறைசொல்லும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர் எழுத்தில் அந்த நோக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் அரச ஏடுகளும் யாரோ சிலரின் நோக்கத்தோடுதான் எழுதப்பட்டன. அதே நோக்கத்தோடுதான் கழுவப்பட்டன. ஆணின் பிரதியில் இருக்கும் சார்பை ‘அரசியல்’ என்றும், பெண்ணின் பிரதியில் இருப்பதைச் ‘சுயநலம்’ என்றும் அழைக்கும் பழக்கத்தைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் எழுத்தில் என்னை நிறுத்திவைப்பது ஒரு பெயர். தையலறைப் பணிப்பெண்ணாக இருந்து சாதோவுக்குப் பிள்ளைகளைப் பெற்ற பிங்ஏ, 1761இல், அவனுக்கு உடை மாற்றும் தறுவாயில் அவன் கையாலேயே அடிபட்டு இறந்தார். தன் பெயர் எஞ்சாத ஒரு சீமாட்டி, கணவனின் கையால் இறந்த ஒரு பணிப்பெண்ணின் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்.

காலி இருக்கையும் ஆடிய பெண்களும்

1795இன் ஊர்வலத்தை உய்க்வே படங்களாகத் தீட்டியிருக்கிறது. அதில் 1,779 மனிதர்களையும் 779 குதிரைகளையும் எண்ணியிருக்கிறார்கள். மன்னரின் குதிரையில் மட்டும் ஆள் இல்லை. அரச உருவத்தை இத்தகைய படங்களில் வரைவதில்லை என்பது ஜோசொன் மரபு. பொங்சுதாங் விருந்தின் படத்திலும் அரசருக்கும் தாய்க்கும் உரிய இடங்கள் காலியாகவே இருக்கின்றன. மீட்டுக் கட்டிய மண்டபத்திலோ உருவபொம்மைகளை வைத்து அந்த இடங்களை நிரப்பிக் காட்சியாக்கினார்கள். தூண்களையும் கூரையையும் ஆவணத்தின்படி கட்டியவர்கள், ஆவணம் வெறுமையாக விட்ட இடத்தில் மட்டும் தங்கள் கற்பனைத் தாயை உட்காரவைத்தார்கள். பட்டு உடுத்தி, அமைதியாக, மகனின் வணக்கத்தை ஏற்கும் தாய். 1805இல் எழுதப் போகிற கை அந்தப் பொம்மைக்கு இல்லை.

அதே உய்க்வேயில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. விருந்தில் ஆடிப் பாடிய பெண்களின் பெயர்கள் அவை. உள்ளூர் கிசேங்குகளும் தலைநகரிலிருந்து வந்த பெண்களும் அதில் அடக்கம். தலைநகரிலிருந்து வந்தவர்கள் அரசுப் பணியிலிருந்த மருத்துவப் பெண்களும் தையல் பெண்களும். நாடித்துடிப்பு பார்க்கவும் மருந்து கொடுக்கவும் பயிற்சி பெற்ற பெண்கள் விருந்துகளில் ஆட அழைக்கப்பட்டார்கள். நம் மாணவிகளில் பலருக்குத் தெரிந்த ‘தே ஜாங் கும்’ தொடரின் காட்சிகள் சில இதே ஹேங்குங்கில் படமாக்கப்பட்டவை. 2003இல் வெளிவந்த அந்தத் தொடர், 16ஆம் நூற்றாண்டு அரச ஏட்டில் சில இடங்களில் மட்டும் வந்துபோகும் ஒரு மருத்துவப் பெண்ணைக் காவிய நாயகியாக்கியது. அதைப் படம்பிடித்த முற்றத்தில்தான், அந்தப் பெண்ணின் தொழில் வாரிசுகள் 1795இல் ஆடியிருக்கிறார்கள். திரை நாயகியைத் தேடி வரும் கூட்டத்திடம் இதைச் சொன்னால் அவர்கள் பார்வை இன்னும் கூர்மையாகும்.

இந்தப் பெயர்ப்பட்டியலை அரசின் பெருந்தன்மை என்று கொள்ள முடியாது. பரிசும் கூலியும் கணக்கில் வர வேண்டும் என்பதற்காக எழுதியது அது. கிசேங்குகள் அரசுக்கு உரியவர்கள். கடைசிப் படிநிலையில் வைக்கப்பட்டவர்கள். சீமாட்டியின் பெயரை மரியாதை மறைத்தது. அடிமைப் பெண்ணின் பெயரை உடைமைக் கணக்கு காத்தது. பெண்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்பதும் நிற்காததும் எந்தக் கைகளின் தேவையால் என்று கேட்கப் பழகினால், பெயர் இருப்பதையே விடுதலை என்று கொண்டாட மாட்டோம்.

கிசேங் என்ற சொல்லைத் தமிழில் கணிகை என்றோ தாசி என்றோ எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதுகையில் அவர்களுடைய சட்டநிலை, அரசோடு அவர்களுக்கு இருந்த பிணைப்பு, பயிற்சி, கலை எல்லாம் நம் ஊர் விவாதத்துக்குள் கரைந்துபோகும். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வோம்.

மருத்துவமனை வாசலில்

ஜப்பானிய ஆட்சியில் அரண்மனை இடத்தில் ஜாஹே மருத்துவமனை வந்தது என்று பார்த்தோம். காலனி அரசு கிசேங்குகளுக்கு உரிமம் வைத்தது. பால்வினை நோய் இருக்கிறதா என்று உடற்சோதனையைக் கட்டாயமாக்கியது. சுவோனின் கிசேங்குகள் அந்தச் சோதனைக்கு வர வேண்டிய இடம், 1795இல் அவர்களுடைய முன்னோடிகள் ஆடிய அதே அரண்மனை வளாகம்.

1919 மார்ச் 1இல் கொரியாவெங்கும் விடுதலைப் போராட்டம் வெடித்தது. மார்ச் 29 அன்று உடற்சோதனைக்கு வரவழைக்கப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட சுவோன் கிசேங்குகள் மருத்துவமனையின் முன் நின்று ‘மன்சே’ என்று முழங்கினார்கள். கொரியா வாழ்க என்ற பொருளில் அன்று நாடெங்கும் ஒலித்த முழக்கம் அது. முன்னின்றவர் கிம் ஹ்யாங்-ஹ்வா. 1897இல் பிறந்தவர். கைதாகி ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2009இல், கொரிய அரசு அவரை விடுதலைப் போராட்டத்துக்காகக் கௌரவித்தது.

அவருடைய முகத்தை நாம் அறிய முடிவதற்குக் காரணம் 1918இல் வெளியான ‘ஜோசொன் அழகியர்’ தொகுப்பு. கிசேங்குகளின் புகைப்படம், வயது, தேர்ந்த கலைகள் எல்லாவற்றையும் அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்குத் தந்த நூல் அது. விற்பனைப் பட்டியலில் இருந்த முகம் ஓராண்டுக்குள் போராளியின் முகமானது. உய்க்வேயின் கூலிக்கணக்கைப் போலவே, இங்கும் ஒரு பெண்ணை நமக்காகக் காத்துவைத்தது அவரைப் பண்டமாக்கிய ஆவணம்தான்.

கிசேங்குகளின் போராட்டத்தை நாட்டுப்பற்று என்று மட்டும் படித்தால் பாதிதான் படிக்கிறோம். அவர்கள் சந்தை முனையில் முழங்கியிருக்கலாம். தங்கள் உடல் பரிசோதிக்கப்படும் கட்டடத்தின் முன்னால் முழங்கினார்கள். அந்நிய ஆட்சி அவர்களுக்கு எந்த வடிவத்தில் வந்து சேர்ந்ததோ அந்த வடிவத்தை எதிர்கொண்டார்கள்.

மீட்டுருவாக்கம் இங்கேதான் சிக்கலாகிறது. 1795ஐ மீட்க வேண்டுமென்றால் மருத்துவமனை போயாக வேண்டும். காலனி அரசின் கட்டடத்தை அகற்றியதில் அந்த ஊர் மக்களுக்கு இருந்த நியாயத்தை வெளியிலிருந்து போகிற நான் மறுக்க முடியாது. என்றாலும் அந்த வாசல் போனதோடு, அந்த வாசலில் நின்ற பெண்களுக்கான இடமும் போனது. நாயகனின் பொற்காலத்தை மீட்கும்போது, அவமானத்தின் காலம் என்று ஒதுக்கப்படுவதில் பெண்களின் எதிர்ப்பும் சேர்ந்தே ஒதுங்குகிறது.

பக்கத்துக் கோயிலும் சிவப்புப் பூக்களும்

அரண்மனையை ஒட்டி ஹ்வார்யொங்ஜொன் இருக்கிறது. ஜொங்ஜோவின் உருவப்படத்தை வைத்து வணங்க 1801இல் கட்டிய கோயில். சுற்றிலும் இடிந்தபோதும் நின்ற அசல் கட்டடம். இந்தப் பகுதியில்தான் 1896இல் நா ஹே-சொக் பிறந்தார். கொரியாவில் எண்ணெய் வண்ண ஓவியம் பயின்ற முதல் பெண், டோக்கியோவில் படித்தவர். 1918இல் ‘கியொங்ஹி’ என்ற கதையில், படித்த பெண்ணை அவதூறு செய்யும் ஊர்வாயை எதிர்கொண்டார். 1919 போராட்டத்தில் சிறை சென்றார். 1921இல் சியோலில் தனி ஓவியக் கண்காட்சி நடத்தினார். மணமுறிவுக்குப் பிறகு, 1934இல், தன் மணவாழ்வையும் முறிவையும் பற்றி வெளிப்படையாக எழுதி, கற்பைப் பெண்ணிடம் மட்டும் கேட்கும் ஆண்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். சமூகம் அவரைத் தள்ளிவைத்தது. 1948இல் சியோலில் ஒரு மருத்துவமனையில், யாரென்று அறியப்படாதவராக இறந்தார்.

சொந்த ஊருக்குத் திரும்பியிருந்த 1930களில் அவர் ஹ்வார்யொங்ஜொன்னை வரைந்திருக்கிறார். ஆனால் படத்தின் தலைப்பிலேயே கோயிலோடு சேர்ந்து பியோனிப் பூக்களும் இருக்கின்றன. மன்னருக்கான கோயில் பின்னால் நிற்க, முன்னால் சிவப்பாகப் பூக்கள் அடர்ந்திருக்கின்றன. அரசரின் உருவப்படத்துக்காக எழுந்த கட்டடத்தை, அரசரை விட்டுவிட்டு, தான் நின்ற இடத்திலிருந்து ஒரு பெண் பார்த்த பார்வை அது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹேக்யோங் ஹங்குலில் செய்ததை நா ஹே-சொக் வண்ணத்தில் செய்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்படி வாசிப்பது

அரண்மனை என்பது பெண்களைப் பூட்டிவைத்த இடம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது நமக்கு எளிது. ஹேங்குங் அதை விடச் சிக்கலான பாடம் தருகிறது. பெண்கள் அங்கே இல்லாமல் இல்லை. விருந்தின் நாயகி பெண், ஆடியவர்கள் பெண்கள், முழங்கியவர்கள் பெண்கள், வரைந்தவர் பெண். மீட்டுருவாக்கம் அவர்களில் ஒருவரை மட்டும், அவருடைய வாழ்வில் ஒரு நாளை மட்டும், மகனின் பக்தியை நிரூபிக்கும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணை மையத்தில் வைத்தும் அவர் குரலை வெளியில் நிறுத்த முடியும் என்பதுதான் பாடம்.

பாரம்பரியச் சின்னங்களை ஆய்வுக்கு எடுக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு நினைவிடத்தின் முன் நிற்கும்போது, இது எந்த ஆண்டுக்கு மீட்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஆண்டில் அங்கிருந்த பெண்களால் எதைச் சொல்ல முடிந்தது, எதைச் சொல்ல முடியவில்லை என்று கேளுங்கள். பிறகு, அவர்கள் சொல்ல முடிந்த ஆண்டைத் தேடிப் போங்கள். ஹேக்யோங்கின் நான்கு நினைவுக்குறிப்புகளும், ஜாஹ்யுன் கிம் ஹபூஷ் செய்த மொழிபெயர்ப்பில், 1996 முதல் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. எழுதப்பட்ட ஆண்டுகளின் வரிசையிலேயே படியுங்கள். முதல் நூலில் ஒதுங்கிப் போகும் அதே கை நான்காவதில் பெட்டியைத் திறப்பதைக் காண்பீர்கள். அதைப் படித்துவிட்டு பொங்சுதாங்குக்குப் போகிறவருக்கு, அங்கே பட்டுடுத்தி உட்கார்ந்திருக்கும் தாய் இன்னும் பத்து ஆண்டுகளில் எழுதப் போகிறவர் என்பது தெரிந்திருக்கும்.